பாறைக்குள் போன சீமெந்துக் கூழ்

பாறையில் வெடிப்பு இருந்தால் சுரங்கத்துக்குள் தண்ணீர் கசியும். துளை போட்டுச் சீமெந்துக் கூழை அழுத்தி உள்ளே செலுத்துவார்கள். அது எதுவரை போனது என்று கண்ணால் பார்க்க வழியில்லை. கூழில் காந்தக்கல் தூளைக் கலந்துவிட்டு, வெளியே நின்று காந்தமானியால் தேடலாம் என்பதுதான் என் ஆய்வு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவள் நான் ஒருத்திதான். கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கிறேன் என்று மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதியில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் எல்லோருக்கும் சொல்லியிருந்தேன், கேட்காதவர்களுக்கும்.

அதே நகரத்தில் ஒரு சுரங்கத்தின் சுண்ணாம்புக்கல் சுவரில் முதல் பரிசோதனை நடந்தது. சரிவராவிட்டால் முறையையே கைவிடுவதாக ஒப்பந்தக்காரர் சொல்லியிருந்தார். காலையில், கூழ் செலுத்துமுன் எடுத்த அளவுகளில் குழப்பமில்லை. கூழ் போனபின் மேலேயிருந்த சாப்பாட்டை எடுத்துவந்து கீழேயே சாப்பிட்டுவிட்டு மறுபடி அளந்தேன். தரை ஈரம் என்பதால் சாப்பாட்டுப் பை தோளில் தொங்கியது.

வெடிப்பில் அளவு ஏறியது. வெடிப்பே இல்லாத இடத்திலும் ஏறியது.

"சுண்ணாம்புக்கல்லுக்கு எப்போலேர்ந்தும்மா காந்தம் பிடிச்சுது?" என்றார் என் பேராசிரியர். சென்னைக்காரர்.

கைக்கடிகாரம், இடுப்புப் பட்டி எல்லாம் மேலேயே கழற்றி வைத்திருந்தேன். சப்பாத்தில்கூட இரும்பில்லை. பையைக் கொட்டினேன். பிளாஸ்டிக் டப்பாவுக்கு அடியிலிருந்து விரல் நீள ஆணி ஒன்று விழுந்தது. இறைச்சிக்கறியோடு வெளியே போனால் பேய் பின்னால் வரும், இரும்பு இருந்தால் அண்டாது என்பது அம்மாவின் நம்பிக்கை. நிலத்துக்குக் கீழே போகிறேன் என்றதும் பெரிய ஆணியாகத் தேடி எடுத்துப் பைக்குள் வைத்திருக்கிறார்.

பேராசிரியர் ஆணியைப் பார்த்தார். "வீட்ல இன்னைக்கு மட்டனா?"

"ஓம் சேர்."

"பேய் வந்துச்சா?"

"வரேல்லை சேர்."

"வந்திருந்தா அதையும் அளந்திருக்கலாம். பையை மேல வச்சுட்டு வாங்க."

திரும்பவும் அளந்தேன். வெறும் பாறையில் ஒன்றுமில்லை. வெடிப்பு நெடுக அளவு கொஞ்சமாக, ஆனால் விடாமல் ஏறியிருந்தது. என் இடுப்பு உயரத்தோடு நின்றுவிட்டது. மேல்பாதியில் கூழ் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். அவ்வளவு அழுத்தத்தில் செலுத்தியது பாதியில் நிற்காது என்றார் ஒப்பந்தக்காரர்.

கூழ் இறுகியபின் இரண்டு இடத்தில் துளைத்துப் பார்த்தார்கள். கீழ்த்துளையில் சாம்பல் நிறச் சீமெந்து பாறையோடு ஒட்டி வந்தது. மேல்துளையிலிருந்து தண்ணீர் வந்து துளைத்தவரின் சட்டையை நனைத்தது. அவர் பிரெஞ்சில் ஏதோ திட்டினார். அந்தச் சுரங்கத்தில் அன்று சந்தோஷமாக நின்றது நான் மட்டும்தான்.