ஆள் பிடிக்க வந்தவன்

தென்காசியில் என்னை பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். குற்றாலத்தில் சாரல் பிடித்திருந்த ஆனி மாதம். ஜன்னலோரம் உட்கார்ந்து மேலகரத்துக்கு டிக்கெட் கேட்டேன். கண்டக்டர் பையைத் தொடாமல் நின்றான். ஒரு காலத்தில் என்னோடு ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்டவன்.

"அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீய. ஒங்கள ஏத்துனா வண்டிய எடுக்கக் கூடாதுன்னு மொதலாளி சொல்லிட்டாக."

"நான் காசு குடுத்துத்தானல ஏறுதேன்?"

"எங்கிட்டச் சண்ட போட்டு என்ன செய்ய? எறங்கிக்கிடுங்க."

பின்னாலிருந்து அருவிக்குப் போகிற ஒரு ஆள் கத்தினான். "ஒரு ஆளுக்காவ இத்தன பேரும் காத்துக் கெடக்கணுமா? எறங்கச் சொல்லுப்பா." மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இறங்கி, தூறலில் நனைந்துகொண்டே மேலகரத்துக்கு நடந்தேன். அந்த வழியில் ஓடிய பஸ்ஸெல்லாம் அந்த முதலாளியுடையதுதான். ஊரில் இருந்தவரை நடைதான் எனக்கு.

அது அறுபதுகளின் தொடக்கம். அந்த முதலாளியின் பஸ் பட்டறையில்தான் நான் ஃபிட்டர் வேலை பழகினேன். பிறகு மெட்ராஸுக்குப் போய் ஒரு லாரி தொழிற்சாலையில் சேர்ந்தேன். அப்போது அங்கே சுற்றிலும் புதுசு புதுசாகத் தொழிற்சாலைகள் எழும்பின. கட்டடம் எழும்பிய வேகத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. அரம் பிடித்து ராவத் தெரிந்தவன், பற்றவைக்கத் தெரிந்தவன், தகடு தட்டத் தெரிந்தவன் யாராக இருந்தாலும் கொண்டுவா என்று அதிகாரி சொன்னார். எங்கள் ஊர்ப் பட்டறை ஆட்களைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். செங்கோட்டை மலைப்பாதையில் படுத்துவிட்ட வண்டியைக் கம்பியும் தகரமும் வைத்தே ஊருக்கு ஓட்டிக்கொண்டு வருகிறவர்கள் அவர்கள். "நீயே போய்ச் சோதித்துப் பார்த்துக் கூட்டிவா" என்று என்னை அனுப்பிவைத்தார்கள்.

நல்ல சம்பளம், நேரத்துக்கு வேலை, உடம்புக்கு வந்தால் ஆஸ்பத்திரி. ஊர் என்னைத் தலையில் வைத்துக் கொண்டாடும் என்றுதான் நினைத்தேன்.

பட்டறையின் ஹெட் மெக்கானிக் என் மனைவியின் அண்ணன். என்னை அங்கே சேர்த்துவிட்டவரும் அவர்தான். வந்த அன்று அவர் வீட்டில்தான் சாப்பாடு. சாப்பிடும்போதே வந்த காரியத்தைச் சொன்னேன். பாதிச் சோற்றில் தட்டிலேயே கையைக் கழுவினார்.

"மொதலாளி சோத்தத் தின்னு வளந்துட்டு, அவரு பட்டறையிலேயே கன்னம் வைக்க வந்திருக்கியோ?"

"மச்சான், நான் யாரையும் திருடல. பிரியப்பட்டவன் வரட்டும்."

"எந்திரி. கை கழுவிட்டுப் போ."

மறுநாள் ஊர் பூராவும் தெரிந்துவிட்டது. டீக்கடையில் பால் தீர்ந்துபோச்சு என்றார்கள். என் கண் முன்னால் பால் பொங்கிக்கொண்டிருந்தது. "பிள்ள பிடிக்கிறவன் வாரான், ஓடுங்கலே" என்று யாரோ சொல்ல, கடை முழுக்கச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை.

முதலாளியை நேராகவே பார்த்துப் பேசிவிடலாம் என்று பட்டறை வாசலுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவரே வெளியே வந்தார்.

"ஏலே, கிரீஸ் தொடச்ச பய நீ. ஆள் வேணும்னா ஒங்க பேக்டரிக்காரன் பழக்கிக்கிட வேண்டியதுதான? நான் சோறு போட்டுப் பழக்குன ஆள நீ ஓட்டிட்டுப் போவியோ?"

"ஓட்டிட்டுப் போறதுக்கு அவங்க மாடு இல்ல அண்ணாச்சி."

காலில் கிடந்த செருப்பைக் கழற்றி என் மேல் எறிந்தார். தோளில் பட்டு விழுந்தது. உள்ளே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் தலை நிமிரவில்லை. சுத்தியல் சத்தம் மட்டும் நின்றுபோயிருந்தது. மச்சான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தேன். பஸ்ஸில் ஏற்றக் கூடாது என்ற உத்தரவு அன்றைக்குத்தான் பிறந்தது.

எனக்கு முக்கியமாக வேண்டியிருந்தவன் அந்தப் பட்டறை வெல்டர். தென்காசியில் நெசவாளர் தெருவில் வீடு. கொஞ்ச நாள் முன்னால், பற்றவைக்கிற வேலை இழுத்து பஸ் தாமதமாகப் புறப்பட்டது என்று முதலாளி அவனை பஸ் ஸ்டாண்டில் சனம் பார்க்க அறைந்திருந்தார். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் போனேன்.

அவன் வாய் திறக்கும் முன்னே அவனுடைய உம்மா கதவுக்குப் பின்னால் நின்று பேசினார். "கொழும்புக்கு ஆள் சேக்க வந்தவனும் இப்டித்தான் வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு வந்தான். நாலு நல்ல வார்த்த சொன்னான். அவங்கூடப் போன எங்க வாப்பா மய்யத்தக்கூட நாங்க பாக்கல. ஒம்ம மெட்ராஸும் வேணாம், ஒண்ணும் வேணாம். வாசல விட்டு எறங்கும்."

"உம்மா, மெட்ராஸு கடல் தாண்டி இல்ல. ரயில் ஏறுனா மறுநாள் வந்துரலாம்."

"நாசமாப் போவ" என்றார். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தறிச் சத்தம் கேட்கத் தொடங்கியது.

ஆனால் அவன் வந்தான். மேலகரத்தில் தெரிந்த ஒருவரின் தென்னந்தோப்பில், தேங்காய் போட்டுவைக்கிற கொட்டகையில் சோதனை வைத்தேன். தென்காசியில் ஒருவரும் வெல்டிங் சாமான் வாடகைக்குத் தரவில்லை. செங்கோட்டையிலிருந்து மாட்டு வண்டியில் வரவழைத்தேன். ஃபிட்டர்களுக்கு ஒரு தகட்டில் சதுர ஓட்டை. அதில் வெளிச்சம் தெரியாமல் உட்காருகிற மாதிரி இரும்புத் துண்டை ராவ வேண்டும். தகடு தட்டுகிற டிங்கர்களுக்கு ஒரு நசுங்கிய மட்கார்டு. ஆட்கள் வாய்க்கால் கரை வழியாகத் தனித்தனியே வந்து சேர்ந்தார்கள்.

வேலை பாதி நடந்துகொண்டிருந்தபோது மச்சான் உள்ளே வந்தார். பழக்கதோஷத்தில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அவர் யாரையும் பார்க்காமல், மேஜை மேலிருந்த வைஸின் பிடியைத் தளர்த்தித் துண்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் ராவிருக்கான். இவன அங்க கொண்டு போயி என்ன செய்யப் போற? நாள் பூரா ஒரே போல்ட்ட முறுக்கச் சொல்லப் போற."

"முறுக்கி முடிச்சா வீட்டுக்குப் போலாம்லா மச்சான். இங்க யாரு அடிக்காம அனுப்புதா?"

துண்டை வாய்க்காலில் வீசியெறிந்தார். திரும்பி என் சட்டையைப் பிடித்தார். பொத்தான்கள் தெறித்தன. நானும் அவர் கையைப் பிடித்து முறுக்கினேன். மரியாதையெல்லாம் போய்விட்டது. தங்கச்சியைக் கொடுத்த வீடு, பெண் கொடுத்தவர், எதுவும் மனசில் இல்லை. வைஸோடு சேர்ந்து மேஜை சரிந்தது. வெல்டர்தான் நடுவில் புகுந்தான்.

"மேஸ்திரி, விடுங்க. அவரு ஒண்ணும் எங்களப் பிடிச்சிட்டுப் போவல. நாங்களாத்தான் போறோம்."

"நீயுமால?"

"என்னிய அறஞ்சப்ப நீங்க அங்கனதான நின்னீய மேஸ்திரி?"

மச்சான் என் சட்டையை விட்டார். குனிந்து கொட்டகையை விட்டு வெளியேறினார்.

புறப்படுகிற நாளன்று தென்காசி ரயில் நிலையத்தில் ஆட்களோடு நின்றிருந்தேன். வழியனுப்ப வந்த பெண்கள் என்னைப் பார்த்த பார்வையில் பச்சை மரம் பட்டுப்போகும். வெல்டரின் உம்மா வரவில்லை. வண்டி வர இன்னும் நேரமிருந்தது. முதலாளி, கூடவே ஒரு ஏட்டையா, பின்னால் மச்சான், மூவரும் பிளாட்பாரத்துக்கு வந்தார்கள்.

"பட்டறைச் சாமான் காணாமப் போயிருக்கு. எல்லாப் பெட்டியையும் தெறங்க" என்றார் ஏட்டையா.

முந்தின நாள்தான் இவர்கள் எல்லோரும் பட்டறையில் கிடந்த தங்கள் துணிப் பெட்டிகளை எடுத்து வந்திருந்தார்கள். வெல்டரின் தகரப் பெட்டியில், கைலிக்கு அடியில் ஒரு ஸ்பானர் இருந்தது. மேலே சுற்றின எண்ணெய்க் காகிதம்கூடப் பிரிக்காத புது ஸ்பானர். வெல்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. "அல்லா மேல சத்தியமா நான் வைக்கல" என்றான். ஏட்டையா அவன் கையைப் பிடித்தார். இவன் உள்ளே போனால் மற்ற ஒருவனும் ரயில் ஏற மாட்டான். அதற்குத்தான் இந்த ஏற்பாடு.

"மெக்கானிக்கு, இது நம்ம சாமான்தான? சொல்லும்" என்றார் முதலாளி.

மச்சான் ஸ்பானரை வாங்கிக் காகிதத்தைப் பிரித்தார். புது இரும்பு பளபளவென்று மின்னியது. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பழசு" என்றார். "தேஞ்சு போச்சு. நான் கழிச்சுப் போட்டது. எடுத்துக்கோன்னு இவங்கிட்டக் குடுத்தது நாந்தான்."

ஏட்டையா ஸ்பானரைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மொதலாளி, குடுத்தவரே குடுத்தேன்னு சொல்லுதாரு. நான் என்ன கேஸ் எழுத?"

"ஏலே, பொய் சொல்லுத!" என்று முதலாளி கத்தினார்.

"பொய்யின்னா என்னியச் சேத்துப் பிடிச்சு உள்ள போடச் சொல்லுங்க. இத யாரு பெட்டிக்குள்ள வச்சான்னும் அங்க வந்து சொல்லுதேன்."

முதலாளி "நாளையிலிருந்து பட்டறைப் பக்கம் வராத" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். ஏட்டையாவும் போய்விட்டார்.

வண்டி வந்தது. ஆட்கள் ஏறினார்கள். நான் மச்சானிடம் ஓடினேன். "மச்சான், நீங்களும் ஏறுங்க. ஒங்களுக்கு இல்லாத வேலையா? நான் சொல்லுதேன்."

"ஒம் மூஞ்சிக்காவ நான் ஒண்ணும் சொல்லல. கண்டவன் பெட்டியில சாமான வச்சுக் களவாணிப் பட்டம் கட்டுனா சும்மா இருக்க முடியாது. அந்தாளு அயோக்கியன், அது வேற. நீ அவனவிட மோசம். வீட்டுக்குள்ள உக்காந்து தின்னுட்டு ஆள் பிடிச்சவன். போ, ஏறு."

மெட்ராஸுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது என் மனைவி அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள். "எங்கண்ணன் சோத்துல மண்ண அள்ளிப் போட்டுட்டுத்தான் வந்தீயளா?" அதற்கு நான் சொன்ன பதில் எதையும் அவள் காதில் வாங்கவில்லை.

ஆட்களில் சிலர் நிலைத்தார்கள். ஒருவன் மெட்ராஸ் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஓடிப்போய், அதே முதலாளி காலில் விழுந்து சேர்ந்துகொண்டான். வெல்டர் மேலே வந்தான், உம்மாவை அழைத்துக்கொண்டான். அந்த அம்மா கடைசிவரை என்னோடு பேசவில்லை. மச்சான் செங்கோட்டை ரோட்டில் தனியாக ஒரு பட்டறை போட்டார். வசதி குறைவுதான், ஆனால் யாரிடமும் கைகட்டி நிற்கவில்லை. தங்கச்சி போனால் வாசலுக்கு வந்து அழைப்பார். கூட நான் இருந்தால் உள்ளேயே இருந்துகொள்வார்.

சில வருஷம் கழித்து ஒரு சாரல் சமயம் பேரருவியில் குளித்துக்கொண்டிருந்தேன். கூட்டம் நெருக்கியடித்தது. தண்ணீர் விழுந்த வேகத்தில் கண் திறக்க முடியவில்லை. பக்கத்தில் நின்றவர் மேல் சாய்ந்துவிட்டேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் மச்சான். உடம்பெல்லாம் எண்ணெய், அப்போதுதான் அருவிக்குள் வந்திருக்கிறார். அவரும் என்னைப் பார்த்தார். கையை உதறினார். குளிக்காமலே, எண்ணெய் வடிய, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியே போனார். நான் கூப்பிடவில்லை.