அதர் லயபிலிட்டீஸ் வரியில் ஒரு நம்பர்

கம்ப்யூட்டர் லேபுக்குள் செருப்பு போடக்கூடாது என்பது எங்கள் கல்லூரியின் சட்டம். ஏ.சி.யில் ஜில்லிட்டுப்போன தரை உள்ளங்காலில் சுரீரென்று ஏறும்... எம்.பி.ஏ. ஃபைனான்ஸ் என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தக் குளிர்தான்.

திருச்சியில் படித்த காலம். நான் உள்ளூர், புத்தூர். ப்ராஜெக்டில் என் ஜோடி கலைவாணி, லால்குடியிலிருந்து தினமும் ரயிலில் வருவாள். எக்ஸெல் ஷீட்டில் எந்த நம்பரைக் காட்டிக் கேட்டாலும் அது எங்கிருந்து வந்தது என்று பார்க்காமலே சொல்வாள். எனக்கோ விடை வந்தால் போதும், எங்கிருந்து வந்தால் என்ன!

ஒரு சிமெண்ட் கம்பெனியின் அடுத்த ஐந்து வருஷத்தைக் கணித்து, அதற்கு ஒரு விலை சொல்ல வேண்டும். கணிப்பு அவள் பங்கு, விலை என் பங்கு. முதல் ஸ்லைடிலேயே அப்படிப் பெயர் போட்டிருந்தோம்.

பிரசென்டேஷனைப் பார்க்கச் சென்னைக் கம்பெனி ஒன்றிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். வகுப்பிலிருந்து ஒரே ஒருவரைத்தான் எடுப்பார்களாம். அந்த வேலை இருவருக்கும் வேண்டும். உண்மையைச் சொன்னால் அவளுக்குத்தான் அதிகம் வேண்டும். அவள் வீட்டில் மாதச் சம்பளம் என்று ஒன்றை யாரும் அதுவரை வாங்கியதில்லை.

அன்று காலை ரயில் லேட். இரண்டு பேர் ஷீட்டையும் நானே ஒன்றாகச் சேர்த்தேன்...

பேலன்ஸ் ஷீட் டேலி ஆகவில்லை. சொத்துப் பக்கமும் கடன் பக்கமும் சமமாக வர வேண்டும், வரவில்லை.

பிரின்ட் கொடுக்கப் பத்து நிமிஷம்தான் பாக்கி. எங்கள் படிப்பில் இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. ப்ளக் என்போம். இடிக்கிற வித்தியாசத்தை அப்படியே 'அதர் லயபிலிட்டீஸ்', அதாவது இதரக் கடன்கள் என்ற வரியில் தட்டிவிட்டு நல்ல பிள்ளை மாதிரி உட்கார்ந்துகொள்வது. தட்டினேன். மூச்சிரைக்க ஓடி வந்தவளிடம் சொல்லவும் இல்லை.

அவள் பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் சென்னைக்காரர் ஒருவர் கேட்டார். "அதர் லயபிலிட்டீஸ் ஏம்மா வருஷா வருஷம் ஏறிக்கிட்டே போகுது?"

கலை அந்தக் கட்டத்தைக் க்ளிக் செய்தாள். ஃபார்முலா இல்லை, மொட்டையாக ஒரு நம்பர். ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தாள். நான் என் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

"சார், இது கையால போட்ட நம்பர். இத எடுத்துட்டா ஷீட் டேலி ஆகாது. எங்க தப்புன்னு எனக்கு இப்பத் தெரியல. அஞ்சு நிமிஷம் குடுங்க, கண்டுபிடிச்சிடறேன்."

ஹால் முழுக்கச் சிரிப்பு. அவள் சிரிப்பைக் கண்டுகொள்ளாமல், அத்தனை பேர் முன்னால் ஸ்க்ரீனில் வரி வரியாக இறங்கினாள். கண்டுபிடித்தும் விட்டாள். தேய்மானத்தை லாபத்தில் கழித்திருந்தது, மெஷின்களின் மதிப்பில் கழிக்காமல் விட்டிருந்தது. ஷீட்டைச் சேர்க்கும்போது நான் அறுத்துவிட்ட இணைப்பு அது. சரி செய்தாள், ப்ளக்கை அழித்தாள், இரண்டு பக்கமும் கச்சிதமாகச் சமமாக நின்றன.

எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. தட்டவில்லை.

வேலை எனக்குக் கிடைத்தது. 'அந்தப் பொண்ணு கொஞ்சம் கவனக்குறைவு' என்றார்களாம்.

சாயங்காலம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கேட்டேன். "ஏன்டி எம் பேரச் சொல்லல?"

"அவரு நம்பரப் பத்திதானடி கேட்டாரு, உன்னப் பத்திக் கேக்கலையே" என்றாள். கோபம்கூட இல்லை. அதுதான் தாங்கவில்லை.

இப்போதெல்லாம் டேலி ஆகாவிட்டால் ஷீட்டே சிவப்பாகக் கத்துகிறது. எங்கே தப்பு என்றும் அதுவே சொல்கிறது. என் டீமில் இருக்கும் பிள்ளைகளுக்கு எங்கள் கஷ்டம் தெரியாது... கலை துவாக்குடிப் பக்கம் சின்னச் சின்னத் தொழிற்சாலைகளுக்கு ஃபைனான்ஸ் பார்க்கிறாள். அவள் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் பேங்க்கில் மறுகேள்வி இல்லை என்கிறார்கள். கேட்கவே பெருமையாக இருக்கிறது.

இதைப் படிக்கும் என் பேட்ச் நண்பர்களே, போன வாரம் நம் வாட்ஸ்அப் க்ரூப்பில் உங்களில் யாரோ வழக்கம்போல, "கலை, உன் பேலன்ஸ் ஷீட் டேலி ஆச்சா?" என்று கிண்டல் செய்திருந்தீர்கள். அவளும் வழக்கம்போல ஒரு ஸ்மைலி போட்டுவிட்டுப் போய்விட்டாள். இத்தனை வருஷமாக அந்த ஸ்மைலியைப் பார்த்துக்கொண்டு நானும் சும்மா இருந்தேன்.

அது கலை போட்ட நம்பர் இல்லை. நான் போட்டது. இனிமேல் கிண்டல் செய்வதாக இருந்தால், என்னைச் செய்யுங்கள்.