சோற்றுக்கு முன் ஒரு கிண்ணம் ஓட்ஸ்

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று சொந்தபந்தங்கள் சொல்லிவிட்டார்கள். எழுத உட்கார்ந்து நான்கு முறை எழுந்துவிட்டேன். ஓராண்டாக மனத்தை அரிக்கும் ஒன்றை மறைத்துவிட்டு வெறுமனே புகழ எனக்கு மனம் வரவில்லை.

அக்கா பாகூரில் பிறந்து கரிக்கலாம்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்டவர். மாமா இளம் வயதிலேயே காலமானார். கைக்குழந்தையோடு நின்ற அக்கா, நிலத்தைக் குத்தகைக்கு விடாமல் தாமே நெல் பயிரிட்டு, மகளை ஆசிரியை ஆக்கினார். யாரிடமும் கை நீட்டியதில்லை. யார் பேச்சையும் கேட்டதுமில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை நோயால் ஒரு கால் போனது. அதே நோய் அக்காவுக்கும் வந்து, பாதத்தில் ஒரு புண் ஆறாமல் நின்றபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மருத்துவர் மாத்திரையோடு உணவையும் மாற்றச் சொன்னார். அரியாங்குப்பத்திலிருந்து வாரந்தோறும் வண்டியில் ஓட்ஸ் பாக்கெட் கொண்டுபோய்க் கொடுத்தேன். சர்க்கரை இறங்கவே இல்லை. "தினமும் சாப்புடுறாங்க டாக்டர்" என்று நானே சாட்சியும் சொன்னேன்.

ஒரு நாள் காலை சொல்லாமல் போய் நின்றேன். அக்கா ஓட்ஸ் கஞ்சியை முகம் சுளித்துக் குடித்து முடித்தார். உடனே தட்டு நிறையச் சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"இன்னாக்கா இது?"

"இன்னாடா? மருந்த குடிச்சிட்டேன். சோறு துன்ன வாணாவா?"

எங்கள் வீட்டில் கஞ்சி என்றால் காய்ச்சல்காரருக்கு. வயிற்றுக்குச் சோறுதான். அக்கா பொய் சொல்லவில்லை. ஓட்ஸுக்குப் பிறகு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று நான்தான் கேட்கவில்லை. ஆனால் அன்று கோபம் கண்ணை மறைத்தது. களை எடுக்க வந்திருந்த பெண்கள் முன்னால், "அம்மா மாரி கால வெட்டிகினு கெட, எனக்கு இன்னா!" என்று கத்திவிட்டு வந்தேன். அந்தச் சொல்லுக்கு நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை.

மறுவாரம் அக்கா தாமே பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தார். "வாடா, டாக்டராண்ட போலாம்" என்றார்.

விஷயத்தைக் கேட்டு மருத்துவர் சிரித்துவிட்டார். "ஓட்ஸ்ல இருக்குற நார்ச்சத்து, ரத்தத்துல சர்க்கரை சட்டுனு ஏறாம மெதுவாக்கும். ஆனா அத சோத்துக்குப் பதிலா சாப்பிடணும்மா. அதுக்கு மேல சோறும் சாப்பிட்டா எப்படி எறங்கும்?"

அதன்பின் அக்கா காலையில் முருங்கைக்கீரையும் பீன்ஸும் போட்டு ஓட்ஸ் உப்புமா கிண்டினார். மதியம் ஒரே கரண்டி சோறு. சர்க்கரை மெல்ல இறங்கியது, புண்ணும் ஆறியது. "நானே வெளைய வச்ச நெல்ல நானே அளந்து துன்றேன் பாரு" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். எனக்குச் சுருக்கென்று தைக்கும்.

சென்ற ஆண்டு அறுவடை முடிந்த வாரத்தில் நெஞ்சுவலி வந்து ஒரே பகலில் போய்விட்டார். இப்படிப் போகத்தான் போகிறார் என்றால் அந்தச் சோற்றை ஏன் பிடுங்கினேன்? இந்தக் கேள்வி என்னை ஓரிடத்தில் உட்கார விடவில்லை. போன வாரம் அக்கா மகளிடம் கேட்டே விட்டேன்.

"நெஞ்சு வலிச்ச அன்னிக்கு ஆட்டோ வரைக்கும் அம்மா தானே நடந்து போய் ஏறிச்சி மாமா. நான் கை குடுத்தேன். வாணாம், எனக்குக் கால் கீதுன்னு சொல்லிடிச்சி."

அன்று இரவுதான் ஐந்தாவது முறையாக எழுத உட்கார்ந்தேன்.

அக்காவுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவருக்கும், ஆட்டோ ஓட்டி வந்த தம்பிக்கும், பதினாறு நாளும் வீட்டோடு இருந்து அடுப்பைப் பார்த்துக்கொண்ட களையெடுக்கும் பெண்களுக்கும், துக்கத்தில் தோள் கொடுத்த ஊராருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. இன்றைய படையலில் அக்காவின் இலையில் சோற்றை அளக்காமல் வைத்திருக்கிறோம். அனைவரும் இருந்து சாப்பிட்டுப் போங்கள்.