தரைப்பாலத்தில் வண்டியை நிறுத்தியவர்

சென்ற வியாழக்கிழமை காலை சுரங்க ஸ்டோரில் சரக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, அந்நாளில் என்னோடு பஸ்ஸில் வந்த பழனிவேல் போன் செய்தான். "சூசைராஜ் அண்ணன் போயிட்டாருப்பா. வடக்குத்து வூட்லதான் வச்சிருக்காங்க. சாயங்காலம் எடுக்கறாங்க" என்றான்.

நம் பஸ்ஸில் வந்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து சுரங்கத்துக்குக் கான்ட்ராக்ட் ஆட்களை ஏற்றிவந்த பஸ்ஸின் டிரைவர் அவர். அதிகம் பேசமாட்டார். ஆனால் ஐப்பசி பிறந்துவிட்டால் டீக்கடையில் மேற்கிலிருந்து வரும் ஒருவரையும் விடமாட்டார். "அந்தப் பக்கம் மழைங்களா? எப்ப புடிச்சுது? விட்டுதா?" என்று கேட்பார். நாங்கள் கிண்டல் செய்தால், "நம்ம தலைமேல பெய்யறது கண்ணுக்குத் தெரியும். மேற்க பெய்யறதுதான் சொல்லாம வரும்" என்பார்.

எங்கள் ஊருக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவே ஓர் ஓடை. அதன்மேல் கைப்பிடியில்லாத தரைப்பாலம். ஒரு மழைநாள் காலை பாலத்தின்மேல் கணுக்காலளவு தண்ணீர் ஓடியது. சூசைராஜ் அண்ணன் பஸ்ஸை நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அன்றுதான் எனக்குப் பர்மனென்ட் வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பு. எங்கள் கண்ணெதிரே ஒரு லாரி சுலபமாகக் கடந்து போயிற்று. நான் கத்தினேன். இப்போது எழுதக் கூசும் வார்த்தைகளையெல்லாம் சொன்னேன்.

"லாரிக்காரன் பாடு அவனுக்கு. என் வண்டியில நாப்பது பேரு இருக்கீங்க. நடந்து போறதுன்னா போங்க, நான் புடிச்சு வைக்கல. ஆனா போவாதீங்க" என்றார்.

நான் இறங்கிப் போனேன். தண்ணீரில் ஒரு கால் வைத்தேன். அது இழுத்த இழுப்பில் காலை வெளியே எடுத்துவிட்டேன். அதற்கும் அவரைத்தான் திட்டினேன்.

வெள்ளம் ஏறவேயில்லை. இரண்டு மணி நேரத்தில் வடிந்துவிட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சரிபார்ப்பு முடிந்திருந்தது. கான்ட்ராக்டர் அவரை எல்லோர் முன்னாலும் ஏசினார். எனக்கு வேலை மூன்று ஆண்டுகள் தள்ளிப்போனது. நான் அவரோடு பேசுவதை நிறுத்தினேன். அதே பஸ்ஸில்தான் தினமும் ஏறினேன். அவர் முகத்தை மட்டும் பார்க்கமாட்டேன்.

அதற்கு இரண்டாம் வருடம் ஒரு காலை. பளிச்சென்று வெயில், ரோடு காய்ந்து கிடந்தது. பாலத்தின்மேல் மட்டும் செம்மண் நிறத்தில் தண்ணீர், அதே கணுக்காலளவு. அவர் மறுபடியும் நிறுத்தினார். பின்னால் கரும்பு ஏற்றி வந்த டிராக்டர் ஹார்ன் அடித்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் பாலத்தில் இறங்கியது. பாதியில் அதன் முன்சக்கரம் புதைந்து வண்டி சாய்ந்தது. தண்ணீருக்கு அடியில் பாலம் உடைந்துபோயிருந்தது. ஓட்டி வந்தவர் கரும்புக்கட்டைப் பிடித்துத் தொங்கினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் தொடையளவு ஏறிவிட்டது.

சூசைராஜ் அண்ணன் பஸ் இழுக்கும் கயிற்றை எடுத்துத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு, மறுமுனையை என் கையில் கொடுத்தார். நான்தான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"விட்டுடாத தம்பி. எனக்கு நீச்சல் தெரியாது" என்றார்.

அப்போதுதான் அது எங்களுக்குத் தெரியும். பத்துப் பதினைந்து பேர் என் பின்னால் கயிற்றைப் பிடித்தார்கள். அவர் ஓரடி ஓரடியாகக் காலால் தடவிக்கொண்டு போய், அந்த மனிதரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "இழுங்க!" என்று குரல் கொடுத்தார். இழுத்தோம். இருவரும் கரை சேர்ந்த சற்று நேரத்தில் டிராக்டர் புரண்டு ஓடைக்குள் போயிற்று.

அவர் பஸ் படியில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார். நான் துண்டைக் கொடுத்தேன். "அன்னைக்கு நான் பேசுனது தப்புண்ணே" என்றேன்.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டே, "அன்னைக்குப் பாலம் நல்லாத்தான் இருந்துச்சு. போயிருந்தா போயிருக்கலாம். உன் வேலை என்னாலதான் தள்ளிப்போச்சு, எனக்குத் தெரியும். ஆனா அதே தண்ணி நாளைக்கு வந்தாலும் நிறுத்தத்தான் செய்வேன். அடியில என்னா இருக்குதுன்னு எனக்குத் தெரியாதில்ல?" என்றார்.

சரியாகக் கணித்தேன் என்று அவர் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. தெரியாது என்பதைத் தயங்காமல் சொல்லவும், அதற்காக ஏச்சு வாங்கவும் ஒருவருக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது. நம்மில் நாற்பது பேர் அந்தத் துணிச்சலால்தான் வீடு வந்து சேர்ந்தோம்.

போன மழையில் மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு நானும் மனைவியும் பைக்கில் திரும்பினோம். வழியில் ரோட்டின் குறுக்கே தண்ணீர் ஓடியது. வண்டியை ஓரங்கட்டினேன்.

"எல்லாரும் போறாங்களே?" என்றாள்.

"போறவங்க போவட்டும். நாம நிப்போம்" என்றேன்.

நின்றோம். சூசைராஜ் அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்.