புழு இல்லாத மல்லாட்டை

பத்மகுமார் நயினார் பெயரை எடுத்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். மரியாதையெல்லாம் அதற்கப்புறம்தான்.

திண்டிவனம் மார்க்கெட் கமிட்டிக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, மல்லாட்டை, அதுதான் நிலக்கடலை, உடைக்கிற மிஷின் செய்தவர் அவர். நான் அவரிடம் ஃபிட்டர். செஞ்சிப் பக்கத்து ஜைனக் குடும்பம், நிலபுலனுக்குக் குறைவில்லை. அதையெல்லாம் அண்ணனிடம் விட்டுவிட்டு இரும்போடு மாரடிக்க வந்த மனிதர்.

கமிட்டியில் ஏலம் முடிய மதியம் ஆகிவிடும். அதுவரை மூட்டை கொண்டுவந்தவர்களுக்கு வேலை கிடையாது, எங்கள் கொட்டகையில்தான் வந்து நிற்பார்கள். தன் மல்லாட்டையில் ஒரு கூடையைக் கொட்டிப் பார்க்காமல் எங்கள் பக்கத்தில் எவனும் மிஷின் வாங்கியதில்லை. வாங்காதவனும் கொட்டுவான், கொட்டிவிட்டுத் திட்டுவான். பெருமுக்கல் விவசாயி சீனுவாசனுக்கு இது ஒரு பொழுதுபோக்கு. உடைந்த பருப்பைக் கையில் அள்ளிக்கொண்டு, இது மிஷின் உடைத்ததா மாடு மென்றதா என்று கேட்பார். நயினாருக்கு முகம் சுண்டிப்போகும். ஆனால் அன்று சாயங்காலமே சல்லடையைக் கழற்றச் சொல்வார். ஓட்டையைச் சிறிதாக்குவோம், இடைவெளியை மாற்றுவோம், மறுபடி ஓட்டுவோம். மிஷின் நல்ல பெயர் எடுத்தது இப்படித்தான். கண்டாச்சிபுரம், கோலியனூர் என்று ஆர்டர் வந்தது. நியாயமாகச் சீனுவாசன் வாய்க்கு ஒரு சம்பளம் போட்டிருக்க வேண்டும்.

நயினாருக்கு ஒன்று மட்டும் ஆகாது. மூட்டையில் புழு விழுந்த மல்லாட்டையும் கிடக்கும். அது மிஷினுக்குள் போவதைப் பார்க்க மாட்டார், வெளியே போய் நின்றுகொள்வார். எறும்பைக்கூட மிதிக்காத வீடு அது. ஆனாலும் விவசாயி கொண்டுவருகிற மல்லாட்டையை வேண்டாம் என்று சொல்ல நாம் யார் என்பார். நாங்கள் சிரிப்போம், கோபித்துக்கொள்ள மாட்டார்.

மல்லாட்டை கொட்டவும் பருப்பைப் புடைக்கவும் பெண்கள் இருந்தார்கள். செண்பகம் அதில் ஒருத்தி. புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான், இரண்டு பெண் குழந்தைகள். அந்தக் கூலியில்தான் மூன்று வயிறும் நிறைந்தது.

எண்பத்து மூன்று வாக்கில் கரண்ட் வெட்டு எங்களை வதைத்தது. பாதி நாள் மிஷின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். புதுச்சேரிப் பக்கம் போனால் கரண்ட் நிற்காதாம், வரி குறைச்சலாம், ஷெட் போட மானியமாம். கொஞ்ச நேர பஸ் பயணம்தான், எல்லையைத் தாண்டினால் எல்லாமே வேறு. லேத் வைத்திருந்தவர்கள் ஒருவர் பின்னால் ஒருவராக அங்கே போனார்கள். கடைசியில் நயினாரும் போனார். மானியம் வேண்டுமானால் அந்த ஊர் ஆட்களைத்தான் வேலைக்கு வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம்.

“ஒரு வருசம் பொறுத்துக்கோங்க. அங்க நிலைச்சி நின்னுட்டா இங்கியும் ஒரு ஷெட்டு போடறேன். உங்கள வுட்டுட மாட்டேன்” என்றார்.

அந்தச் சொல்லை நம்பித்தான் இருந்தோம். நான் கமிட்டியில் மூட்டை தூக்கினேன். செண்பகம் கிடைத்த அன்று நடவுக்குப் போனாள், கிடைக்காத அன்று குழந்தைகளுக்குக் கேப்பைக் கூழைத் தண்ணீராகக் கரைத்தாள்.

அங்கிருந்து வந்த மிஷின் பார்க்க மாப்பிள்ளை மாதிரி இருந்தது, நல்ல இரும்பு, பளபளவென்று பெயின்ட். இரண்டாவது வருஷம் கண்டாச்சிபுரத்துக்குப் போனதெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பியது. பருப்பு உடைகிறது, சல்லடை அடைக்கிறது என்று ஒரே புகார்.

ஒரு ஏலத்தன்று நயினார் அப்படித் திரும்பிய மிஷின் ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு கமிட்டிக்கே வந்துவிட்டார். என்னைக் கூப்பிட்டு ஓட்டச் சொன்னார். சீனுவாசன் ஒரு கூடையைக் கொட்டினார். பாதி பருப்பு நொறுங்கி வந்தது. கையில் அள்ளியதைக் கேலி செய்யாமலே கீழே கொட்டினார் அந்த மனிதர்.

நயினார் இந்தத் தடவை வெளியே போகவில்லை. கூடையில் மிச்சமிருந்ததைக் கிளறினார். சின்னதும் பெரியதும் சூம்பியதும் மண்ணுமாகக் கிடந்தது. ஒன்றை உரித்தார், உள்ளே புழு. அதைச் சுவரோரம் ஒரு இலையில் விட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

“அங்க மல்லாட்ட எடுத்துக்கினு எவன் வர்றான், நடராசா? செக்போஸ்ட்டுல நிறுத்தி பேஜாரு பண்றான். ட்ரையல் பாக்கறதுக்கு எங்க வூட்டு மல்லாட்டதான். ராஜமதி ஒவ்வொன்னா பொறுக்கி, புழு இல்லாம, சொத்த இல்லாம குடுத்தனுப்புவா. புழு இல்லாத மல்லாட்டைக்கே மிஷின் பண்ணிக்கினு இருந்திருக்கேன்.”

ராஜமதி அவர் வீட்டம்மா. நயினார் மல்லாட்டையைக் கொண்டு போனார், சரி. திட்டுகிற ஆளைக் கொண்டு போக முடியுமா?

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கியது. இனிமேல் இங்கேயே வந்துவிடுவார் என்று நினைத்தேன், வாய்விட்டுக் கேட்டும்விட்டேன்.

“எப்டி வர்றது? அங்க இருக்கறவங்களும் புள்ள குட்டிக்காரங்க. உங்கள வுட்டுட்டுப் போனேன். அவங்களயும் வுட்டுட்டு வந்தா நான் மனுசனா?”

ஏலத்தன்றைக்கெல்லாம் மிஷினை இங்கே கொண்டுவந்து ஓட்டிப் பார்ப்பதாகவும், என்னைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்வதாகவும் சொன்னார். இங்கே ஷெட் போடுவது பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. வேலை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

நயினார் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, நடவுச் சேறு காயாத காலோடு செண்பகம் வந்து நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

“எனக்கு இன்னா வேலைங்க நயினாரே?” என்றாள்.

ட்ரையல் பார்க்க ஒரு கூடை போதும். அதைக் கொட்டவும் புடைக்கவும் நான் ஒருவன் போதும். நயினார் என்னைப் பார்த்தார், நான் மிஷினைப் பார்த்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

அந்தப் பருவத்திலேயே மிஷின் சரியாகிவிட்டது. சீனுவாசனே ஒன்று வாங்கினார். புதுச்சேரி ஷெட்டில் இன்னும் ஆள் சேர்த்தார்கள். செண்பகம் மெட்ராஸில் சித்தாள் வேலைக்குக் கிளம்பினாள். பஸ் ஏற்றிவிட நான் போனேன். அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. குழந்தைகளை ஏற்றி உட்காரவைத்துவிட்டு ஜன்னல் வழியாகச் சொன்னாள்:

“மிஷின நல்லா பாத்துக்கோங்கண்ணே. நீங்களாச்சும் இந்த ஊர்லயே இருங்க.”