மாமாவின் இடக்கைக்கு ஒரு கிளச்

மோட்டார் சைக்கிளின் கிளச்சைச் சரிசெய்ய எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. போனில் நாலு வீடியோ பார்த்தேன், அவ்வளவுதான். அந்த நாலு வீடியோவின் திமிரில்தான் என் மாமனாரை மண்ணில் விழுத்தினேன். இப்போது நினைத்தாலும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த ஆண் பெண்வீட்டில்தான் போய் இருக்க வேண்டும். நானும் ஆறு வருடத்துக்கு முன் சாய்ந்தமருதிலிருந்து ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு மருதமுனையில் மனைவி வீட்டுக்கு வந்தவன். அன்றிலிருந்து மாமாவும் நானும் ஒரே கூரைக்குள் இருக்கிறோம். ஆனால் ஒழுங்காகக் கதைத்ததில்லை. நான் விறாந்தைக்கு வந்தால் அவர் ரேடியோவைக் குறைப்பார். அவர் வந்தால் நான் காலைக் கீழே போடுவேன். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவர் மாமியிடம் சொல்வார், மாமி என் மனைவியிடம் சொல்வார், மனைவி என்னிடம் சொல்வாள். பதிலும் அதே வழியாகத் திரும்பிப் போகும்.

மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் மரியாதையாம்! அந்த மரியாதையின் அளவு தெரிய வேண்டுமென்றால் எங்கள் கிணற்றடிக் குழாயைப் பார்க்க வேண்டும். வந்த புதிதில் நான்தான் அதை மாட்டினேன். எனக்குக் கை சும்மா இருக்காது. மாட்டிய நாளிலிருந்து அது ஒழுகியது. மாமா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதன் கீழே ஒரு வாளியை வைத்தார். வாளி நிறைந்தால் அவரே எடுத்து மாதுளைக்கு ஊற்றுவார்.

போன வருடக் கடைசியில் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. அல்லாஹ்வின் காவல், நடையும் பேச்சும் திரும்பிவிட்டன. இடக்கை மட்டும் சோர்ந்து கிடந்தது. "கிளச்சப் புடிக்கக்கூடிய அளவுக்குக் கை வந்திட்டா சைக்கிள் ஓடலாம்" என்று மூன்றாம் மாதத்தில் டொக்டர் சொன்னார்.

அவருக்கு ஓடியே ஆகவேண்டும். காரணம் அவருடைய ராத்தா. கல்முனைக்குடியில் படுக்கையில் இருக்கும் அந்த மூத்த சகோதரியை அவர் பின்னேரம் அஸர் தொழுதபின் தினமும் போய்ப் பார்ப்பார். வருத்தம் வந்ததை ராத்தாவிடம் யாரும் சொல்லவில்லை. கைத்தறிச் சாரன் யாவாரத்துக்காகத் தம்பி கொழும்பில் நிற்கிறான் என்று சொல்லி வைத்திருந்தோம். அவவுக்குக் கண் மங்கல். தம்பி வருவதைச் சைக்கிள் சத்தத்தில்தான் கண்டுபிடிப்பா. ஆட்டோவில் போவோம் என்று மனைவி எவ்வளவோ கெஞ்சினாள்.

"ஆட்டோவில போய் எறங்கினா ராத்தாக்கு வெளங்கிரும் மகள். அவ தாங்கமாட்டா. நான் என்ட சைக்கிள்ளதான் போகணும்" என்றார்.

பின்னேரமானால் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி ஏறி உட்கார்ந்து, கிளச்சைப் பிடித்துப் பிடித்துப் பார்ப்பார். நாலு விரலும் நடுங்கும். பாதி தூரம் வந்ததும் லீவர் அவர் கையை விட்டுத் துள்ளிவிடும். மறுபடி பிடிப்பார். வேலை முடிந்து கந்தோரிலிருந்து வரும் நான் இதைப் பார்த்தும் பாராததுபோல் உள்ளே போவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் ஜும்ஆத் தொழுகைக்குப் போன நேரம் பார்த்து நான் ஸ்பேனரை எடுத்தேன். லீவரடியில் வயரை இறுக்கும் நெட்டைத் தளர்த்தினேன். எஞ்சின் பக்கத்து நெட்டையும் தளர்த்தினேன். கிளச் வயர் தொய்ந்தது. லீவர் இப்போது ஒரு விரலுக்கே வந்தது! எவ்வளவு லேசான வேலை, இதற்காகவா இந்த மனிதன் இவ்வளவு பாடுபட்டார் என்று எனக்கு ஒரே பெருமை. அந்த அவசரத்தில் நானும் ஜும்ஆவுக்குப் பிந்தித்தான் போனேன்.

அஸர் முடிந்து அவர் வந்து ஏறினார். லீவரைப் பிடித்தார். அது கைப்பிடி வரைக்கும் போய் ஒட்டியது. அவர் லீவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கழுவியும் போகாமல் என் விரலில் இருந்த கிறீஸையும் பார்த்திருப்பார்.

"மாஷா அல்லாஹ், வாப்பாட கை வந்திட்டு!" என்று மனைவி கூவினாள். மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

மாமா ஸ்டாண்டை எடுத்தார். உதைத்து ஸ்டார்ட் செய்தார். பிஸ்மில்லாஹ் சொல்லி, கிளச்சை முழுக்கப் பிடித்துக்கொண்டு கியரைப் போட்டார். போட்ட உடனே சைக்கிள் ஒரு பாய்ச்சல் பாய்ந்து கிணற்றுக் கட்டில் மோதி நின்றது. அவர் இடப்பக்கம் மணலில் கிடந்தார்.

ஓடிப்போய்த் தூக்கினேன். முழங்கை உரிந்திருந்தது, வேறு ஒன்றும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். மாமியும் மனைவியும் தண்ணீருக்கு ஓடினார்கள். அந்த இடைவெளியில்தான் முதன்முதலாக நாங்கள் இருவரும் தனியாகக் கதைத்தோம்.

"நான்தான் மாமா வயரத் தளர்த்தின" என்றேன்.

"தெரியும் மாப்பிள. புடிச்ச ஒடனேயே தெரியும். இது கிளச் விடாது, கியர் போட்டாப் பாயும் எண்டும் தெரியும்."

"யா அல்லாஹ்! தெரிஞ்சும் ஏன் போட்டீங்க?"

அவர் முழங்கை மணலைத் தட்டினார். "நீங்க ஒங்கட கையால செஞ்சி வெச்சிரிக்கீங்க. முன்னுக்கே நிக்கிறீங்க. பிழை எண்டு எப்பிடிச் சொல்லுற?"

அவரைக் கட்டிப்பிடித்து அழவா, தோளைப் பிடித்து உலுக்கவா என்று தெரியவில்லை. ஒரு மனிதன் மாப்பிள்ளையின் முகம் வாடக் கூடாது என்பதற்காகத் தெரிந்தே போய் விழுவானா? விழுவார். எங்கள் ஊரில் விழுவார்கள்.

"மாமா, இனி நான் பிழையாச் செஞ்சா ஏசுங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவர் சிரித்தார். "ஏசிப் பழக்கமில்லயே."

மறுநாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சந்தியில் இருக்கும் மெக்கானிக்கிடம் போனேன். அவர் என் வேலையைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"தளர்த்தினா லேசாகும்தான் சேர். கிளச்சும் வேலை செய்யாது" என்றார். உறைக்குள்ளிருந்து வயரை உருவினார். கடல் காற்றில் துருப்பிடித்து, நூல் நூலாகப் பிரிந்து, உறையைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. கடினத்துக்குப் பாதிக் காரணம் அதுதான். புது வயர் போட்டு எண்ணெய் விட்டார். எஞ்சின் பக்கத்தில் வயரின் முனையைக் கொழுவும் ஒரு சிறிய இரும்புக் கையில் இரண்டு விரல் நீளத்துக்கு ஒரு இரும்புத் துண்டை வைத்து ஒட்டினார். அந்த இரும்புக் கை நீண்டால் லீவரை இழுக்கக் குறைந்த பலம் போதுமாம். கடைசியில் லீவரில் ஒரு புளியங்கொட்டைத் தடிப்புக்கு மட்டும் தொய்வு விட்டு நெட்டை இறுக்கினார்.

அன்று பின்னேரம் மாமா ஏறி உட்கார்ந்து பிடித்தார். விரல்கள் நடுங்கின, ஆனால் லீவர் கடைசி வரைக்கும் வந்தது. விடாமல் வைத்திருந்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"மாப்பிள... வெரலுக்கு லீவர் கொஞ்சம் எட்டாம இரிக்கி."

என் காதுக்கு அது தேனாக இருந்தது. ஓடிப்போய் ஸ்பேனரை எடுத்து வந்து லீவரைக் கீழே திருப்பி, அவர் சொல்லும் இடத்தில் இறுக்கினேன். "இன்னும் கொஞ்சம்" என்றார். "இல்ல, கூடிட்டு" என்றார். எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றேன். வீட்டுப் பெண்கள் வாசலில் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

கல்முனைக்குடி வரைக்கும் அவர்தான் ஓட்டினார். நான் பின்னால் உட்கார்ந்து ஓதிக்கொண்டே வந்தேன். சந்திகளில் கியர் மாற்றும்போது அவர் தோள் இறுகுவது தெரிந்தது. ஒரு தரமும் சைக்கிள் பாயவில்லை. ராத்தாவின் வீட்டு வாசலில் எஞ்சினை நிறுத்துவதற்கு முன்பே உள்ளேயிருந்து குரல் வந்தது.

"தம்பியா? கொழும்பால வந்திட்டியா?"

"ஓம் ராத்தா, வந்திட்டன்" என்று அவர் சத்தமாகச் சொன்னார். இறங்கி, இடக்கையைச் சாரனில் துடைத்துக்கொண்டு இரண்டடி வைத்தவர், திரும்பி என்னிடம் வந்தார்.

"மாப்பிள, வீட்ட போய் அந்தக் கெணத்தடிக் கொழாயையும் ஒருக்காப் பாருங்க. ஆறு வருஷமா ஒழுகுது."