அமுக்கி வைத்த வெஞ்சனம்

பள்ளி வேன் ஹாரன் அடித்தால் அம்மா இன்றும் செய்கிற வேலையை அப்படியே நிறுத்திவிடுவாள். எனக்கோ வேடசந்தூர் வீட்டுச் சமையலறையும் தாளித்த கறிவேப்பிலை வாசனையும் நினைவுக்கு வந்துவிடும்.

தொண்ணூறுகளில் ஒரு காலை. தெருமுனையில் நூல் மில் வேன் விடாமல் ஹாரன் அடித்தது. பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா பின்வாசல் வழியாக ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்தாள்.

“டீச்சர், அந்த சூப்பர்வைசர் இருக்குற மில்லுக்கு நான் போக மாட்டேன். வீட்டுல சொன்னா அடிக்கிறாக. நீங்க ஒரு வார்த்தை சொன்னா எங்கப்பா கேப்பாரு.”

எங்கள் தெருவில் அம்மாவின் சொல்லைத் தட்ட ஆளில்லை. அடுத்த வீட்டு விஷயம் என்று நினைத்தாளோ என்னவோ, ஸ்டெல்லா அக்காவின் டிபன் பாக்ஸை வாங்கி அவரைக்காய் வெஞ்சனத்தை அமுக்கி அமுக்கி வைத்தாள்.

“வேன் போயிரும். போயிட்டு வா தாயி.”

அக்கா அந்த டிபன் பாக்ஸையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போனாள். சாயங்காலம் வேனிலிருந்து எல்லோரும் இறங்கினார்கள், அவளைத் தவிர. அதற்கப்புறம் அவளை யாரும் பார்க்கவில்லை.

இன்று காலையும் வெளியே பள்ளி வேனின் ஹாரன். அம்மா என் மகளின் டிபன் பாக்ஸை மூடாமல் பிடித்துக்கொண்டு கேட்கிறாள்.

“அங்க யாராச்சும் உன்னைய ஏதாச்சும் செய்றாகளா? சொல்லு, நான் வந்து பேசுறேன்.”

தினமும் கேட்கிற கேள்விதான். மகள் சிரித்தபடி டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறாள். சாயங்காலம் அவள் வேனைவிட்டு இறங்கும்வரை அம்மா சோற்றில் கை வைக்கமாட்டாள்.